முனையில் மஞ்சள் வைத்த சேலை

என் வேதப்புத்தகத்தை யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. அட்டை பழசு, கிழிந்துவிடும் என்று காரணம் சொல்வேன். உண்மையான காரணம் அதன் ஓரங்கள். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விடைத்தாள் திருத்திப் பழகிய கை சும்மா இருக்காது. வேதம் வாசிக்கும்போதும் கையில் பென்சில் வேண்டும். கட்டளைக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு ஊதா, ஆண்டவர் தரும் உறுதிமொழியான வாக்குத்தத்தத்துக்குப் பச்சை. இதெல்லாம் எங்கள் சபையில் பலரும் செய்வதுதான். நான் கூடுதலாக ஒன்று செய்தேன். அந்த வசனம் யாருக்குப் பொருந்துமோ அவரை ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துவைத்தேன். பெருமையைக் கண்டிக்கும் இடத்தில் எங்கள் பழைய தலைமையாசிரியர். சோம்பலைப் பற்றிய இடத்தில் வீட்டுக்காரர். நாக்கை அடக்கச் சொல்லும் இடத்தில் எதிர்வீட்டம்மா. மற்ற முக்கால்வாசி இடங்களில் ‘தங்கச்சி’.

நாங்கள் இரண்டே பெண்கள், அண்ணன் தம்பி கிடையாது. அப்பா கீரனூர்ப் பக்கம் ஒரு சின்னச் சபையில் உபதேசியார், அதாவது போதகர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு வசனம் சொல்லவில்லை என்றால் எங்களுக்குத் தட்டு வராது. அப்பா இறந்த மறுவருடம் தங்கச்சி தன்னோடு கல்லூரியில் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, குடுமியான்மலைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனாள். விவசாயக் குடும்பம், சாமி கும்பிடுகிறவர்கள். அவளும் பொட்டு வைத்துக்கொண்டாள், கோயிலுக்குப் போனாள். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மா போனாள். கல்யாணத்துக்குப் பிறகும் மாதம் ஒருமுறை ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவாள். அங்கே என்ன நடந்தது என்று நானும் கேட்கமாட்டேன், அவளும் சொல்லமாட்டாள்.

அம்மா என் வீட்டில்தான் இறந்தாள். காலையில் காபி கேட்டாள், நான் ஆற்றிக்கொண்டு போவதற்குள் போய்விட்டாள். அன்று மாலையே அடக்கம் என்று முடிவாகிப் போதகருக்கும் பெட்டிக்கும் சொல்லியாயிற்று. மதியத்துக்குள் தங்கச்சி வீட்டார் கோடி கொண்டுவந்தார்கள். இறந்தவர்மேல் போர்த்த உறவுக்காரர்கள் எடுத்துவரும் புதுத்துணிதான் கோடி. அந்தப் பழக்கம் எங்கள் ஆட்களிடமும் உண்டு. மேளம் வைக்கமாட்டோம், மஞ்சள் வைக்கமாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். தங்கச்சியின் மாமியார் பித்தளைத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார். மேளம் இல்லை. எங்களுக்காகத்தான் அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். தாம்பாளத்தில் இருந்த அரக்கு நிறச் சேலையின் முனையில் விரல் நுனியளவு மஞ்சள் தடவியிருந்தது.

நான் எழுந்துபோய் வாசற்படியில் நின்றேன்.

“மஞ்ச வச்ச துணி எங்க அம்மா மேல விழக் கூடாதுங்க.”

அந்த அம்மா பதறவில்லை. “தண்ணியில அலசிட்டுப் போத்துவோம்மா. எங்க வீட்டுப் பழக்கம், கடையில வாங்குனதும் வச்சுட்டேன்” என்றார்.

அலசினால் துணியில் போகும், மனசில் இருப்பது போகுமா என்று கேட்டேன். விக்கிரகத்தைப் பற்றி இரண்டு வசனமும் சொன்னேன், பிசகாமல், மனப்பாடமாக. தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் குரல் இன்னும் எடுப்பாக வந்தது. தங்கச்சி மட்டும் உள்ளே வந்து அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே போய்த் தன் ஆட்களோடு தெருவில் நின்றுகொண்டாள். போதகர் வருவதற்குள் இதெல்லாம் முடிந்துவிட்டது. அவரைக் கேட்டிருந்தால் அலசிப் போர்த்துங்கள் என்றுதான் சொல்லியிருப்பார், இளகின மனசுக்காரர். பெட்டி கிளம்பும் வரை அவர்கள் வெயிலில் நின்றார்கள். கிளம்பிய பிறகு கொண்டுவந்த தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. கோபித்துக்கொண்டு போனவள் அவள், ஆகவே பெரியமனசு பண்ணி மன்னிக்க வேண்டியவள் நான் என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். வேதத்தில் மன்னிப்பு என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் எனக்கு ஒரு தியாகி போன்ற உணர்வு வரும்.

நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் நானும் வீட்டுக்காரரும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். ஒட்டினாற்போல் இன்னொரு பஸ் வந்து நின்றது. அதன் ஜன்னலில் தங்கச்சி. இரண்டு ஜன்னலுக்கும் நடுவே கையை நீட்டினால் தொட்டுவிடலாம். தலை நரைத்திருந்தது, அம்மாவின் சாயல் வந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கைப்பையைத் திறந்து, அதில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தேன். அந்த பஸ் நகரும் வரை தேடினேன். கீரனூரில் இறங்கி நடக்கும்போதுதான் வீட்டுக்காரர், “தேடுனது கெடச்சுச்சா?” என்று கேட்டார்.

இனி நான் மாட்டிக்கொண்ட கதை.

வியாழக்கிழமை தோறும் மாலை நாலு மணிக்கு எங்கள் சபைக் கோயிலின் பக்கவாட்டு அறையில் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறவள் நான். பதினைந்து பேர் வருவார்கள். நோட்டுப் போட்டு எழுதவேண்டும், அடுத்த வாரம் கேள்வி கேட்பேன், பதில் தெரியாதவர்கள் முழிப்பார்கள். ஓய்வு பெற்றாலும் வகுப்பு ஓயவில்லை என்று போதகரின் மனைவியான போதகரம்மா கிண்டல் செய்வார். ஒரு வியாழன், காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, தன்மேல் குறையுள்ள சகோதரன் ஒருவன் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகி ஒப்புரவாகும்படி சொல்லும் பகுதியை எடுத்தேன். நன்றாகத்தான் எடுத்தேன். என் புத்தகத்தில் அந்த இடத்தில் அழுத்தமான சிவப்புக் கோடு இருந்தது. ஓரத்தில் ‘தங்கச்சி’ என்று இருந்தது.

புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண் ஒருத்தி, எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாதவள், கையைத் தூக்கினாள்.

“டீச்சர், ஒங்களுக்கு அப்புடி யாரும் இருக்காங்களா? பேசாம இருக்குற ஆளு?”

மற்றவர்களுக்கெல்லாம் தெரியும். பாதிப்பேர் அன்று என் வாசலில் நின்றவர்கள். அத்தனை பேனாவும் நின்றுவிட்டது. கேள்வி கேட்டால் பதில் இல்லை என்று சொல்லும் வழக்கம் எனக்கு வகுப்பிலேயே கிடையாது.

“இருந்தாங்கம்மா, எந்தங்கச்சி. இப்ப ஆண்டவர் சரிபண்ணிட்டாரு.”

“எப்புடிங்க டீச்சர்?”

“பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். எறங்கிப் போயி கையப் புடிச்சேன்.”

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்தேன், வந்து விழுந்துவிட்டது. இரண்டு பேர் அழுதார்கள். போதகரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அப்போதாவது அவர் காதில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். காது பக்கத்தில்தான் இருந்தது.

“ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லிருங்க டீச்சர். சபையில எத்தன குடும்பம் இப்புடிக் கெடக்கு” என்றார்.

சொன்னேன். மைக்குக்கு முன்னால் நின்றபோது அந்த ஒரு கைக்கு முன்னும் பின்னும் கதை வளர்ந்துவிட்டது. நான் பஸ்ஸைவிட்டு இறங்கினேன், அவளும் இறங்கினாள், இரண்டு பேரும் அழுதோம், கண்டக்டர் விசிலை ஊதாமல் காத்து நின்றார். கண்டக்டரை நான் ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. அல்லேலூயா என்று சபை எழுந்து நின்றது. ஆண்கள் பக்கம் ஃபேனுக்குக் கீழே என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் எழவில்லை. முழங்கால் வலி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்.

எங்கள் சபைகளில் சாட்சி, அதாவது ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபை நடுவில் எழுந்து சொல்வது, ஒருமுறை சொன்னால் தீர்ந்துபோகிற காரியம் இல்லை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் கேட்பார்கள், பக்கத்து ஊர்ச் சபைக்கு அழைப்பார்கள், உபவாச ஜெபத்துக்கு அழைப்பார்கள். யாரோ அதை ஃபோனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் வேறு போட்டுவிட்டார்கள். ஆகவே முதலில் சொன்னதிலிருந்து ஓர் எழுத்து மாறாமல் சொல்லவேண்டியிருந்தது. கண்டக்டரை விட்டுவிட்டால், “அந்தக் கண்டக்டர் நின்னத சொல்லுங்க டீச்சர்” என்று எடுத்துக்கொடுக்கும் ஆட்களும் இருந்தார்கள். சண்டை போட்டுக்கொண்ட ஓரகத்திகள் இரண்டு பேர் என் சாட்சியைக் கேட்டுச் சேர்ந்துகொண்டார்கள். எனக்காக ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைச் சாப்பிட எனக்கு மனசு வரவில்லை. அவர்களுடைய சமாதானம் உண்மை, என்னுடையது பொய், இப்போது நான் உண்மையைச் சொன்னால் அவர்களுடையதும் உடைந்துபோகுமோ என்று பயம் வந்தது. அந்தப் பயம் எனக்கு வசதியாகவும் இருந்தது.

வீட்டில் தினமும் மாலையில் குடும்ப ஜெபம் உண்டு. ஜெபிக்கிறவள் நான், ஆமென் சொல்கிறவர் அவர். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் கண்ணை மூடுகிறார், தலையைக் குனிகிறார், ஆமென் மட்டும் சொல்வதில்லை. மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதனால் நான் கேட்கவில்லை. நான் ஜெபத்தை முடிப்பேன். சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும். இரண்டு பேரும் எழுந்து சாப்பிடப் போவோம்.

வேதத்தைத் திறக்கவே பயமாக இருந்தது. பாடம் எடுக்கிறவள், திறக்காமல் முடியுமா? எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் யாராவது ஒருவன் தன் சகோதரனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ஒருவன் அண்ணனை ஏமாற்றிவிட்டு ஓடினான், பத்துப்பேர் தம்பியை விற்றார்கள், ஒருவன் வீட்டுக்குள் விருந்து நடக்க வெளியே நின்று முறைத்தான். ஆபத்தில்லாத இடமாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்து ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளை எடுத்தேன். இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் அகலம், இத்தனை கொக்கி, இத்தனை வளையம். பெண்கள் நோட்டில் படம் போட்டார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நாலாவது வாரம் பலிபீடம் வந்துவிட்டது. புதுப்பெண் ஆர்வமாகக் கேட்டாள், “டீச்சர், காணிக்கைய வச்சுட்டுப் போகச் சொன்னது இந்த எடத்துலதானங்களா?” அன்றைக்குத் தலைவலி என்று சொல்லிப் பாடத்தைப் பாதியில் முடித்தேன்.

ஊரைவிட்டு எங்காவது போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. மகன் சென்னையில் இருக்கிறான், போய் ஆறு மாதம் இருக்கலாம். ஆனால் வீடியோ அங்கேயும் போயிருந்தது. “சித்தி நம்பர் அனுப்புங்கம்மா, பேசணும்” என்று அவன் கேட்டிருந்தான். என்னிடம் அவள் நம்பர் கிடையாது. நான் கட்டிய கூண்டு, கதவு வைக்க மறந்துபோனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் பெண்கள் ஞாயிறு வந்தது. அன்று ஆராதனை முழுவதும் பெண்களே நடத்துவோம். போதகரம்மா அச்சடித்த நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தார். தேவ செய்தி என்பதற்கு நேரே என் பெயர். அதன் கீழே, ‘சகோதரியுடன் இணைந்து சாட்சி’ என்று போட்டிருந்தது.

“தங்கச்சியையும் கூட்டிட்டு வந்துருங்க. ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டு நின்னாலே போதும், பேசக்கூட வேணாம்” என்றார். கேட்காமல் அச்சடித்துவிட்டோமே என்ற எண்ணமே அவருக்கு இல்லை. ஏன் இருக்கவேண்டும்? எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொன்னது நான்தானே.

வீட்டுக்காரர் நோட்டீஸை எடுத்துப் படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார். “குடுமியான்மலைக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸுன்னு விசாரிக்கவா?” என்றார்.

மறுநாள் காலை புறப்பட்டேன். தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்கப் போனதாக இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியில்லை. அவளை எப்படியாவது பேசிச் சரிக்கட்டி ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து நிறுத்திவிட்டால் நான் தப்பித்துவிடுவேன் என்றுதான் போனேன். பேசுவதற்குத் தோதாக வேதத்தையும் பையில் எடுத்துவைத்திருந்தேன். புதுக்கோட்டையில் பஸ் மாறும்போது, எந்த வசனத்தைச் சொன்னால் மசிவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வீட்டுக் கூடத்தில் சாக்கை விரித்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“வாக்கா. இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ ஒக்காரு.”

சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சுவரில் அவள் மாமியாரின் படம், மாலை போட்டு. அவர் போய்விட்டார் என்பதே எனக்குத் தெரியாது. அன்று தாம்பாளத்தை ஏந்தி வந்தவர். அவரிடம் இனி என்ன சொல்லமுடியும்? நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கை கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

“பருப்பு ஒடையாம ஒரி. வெதைக்கு” என்றாள்.

கொஞ்ச நேரம் தோடு உடைகிற சத்தம்தான். பிறகு அவளே சொன்னாள்.

“ஒன் வீடியோவ பாத்தேன்.”

என் கை நின்றுவிட்டது.

“எம்மகதான் காட்டுனா. கூடப் படிக்கிற புள்ள அனுப்புச்சாம். ஏம்மா, பெரியம்மா ஒன் கையப் புடிச்சு அழுதாங்களாமே, எங்ககிட்ட நீ சொல்லவே இல்லையேன்னா.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னு சொன்னேன்.” அவள் கடலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “வேற என்ன சொல்றது? ஒம் பெரியம்மா கோயில்ல நின்னு பொய் சொல்லுதுன்னு புள்ளகிட்ட சொல்லச் சொல்றியா?”

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை. யாருக்கு நான் வாசலை அடைத்தேனோ அவள் என் மானத்தை இத்தனை நாள் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். அவள் என்னைத் தேற்ற வரவில்லை, உரித்துக்கொண்டே இருந்தாள். என் பையில் இருந்து துருத்திக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா குடுத்ததா?” என்று கேட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். நான் தடுக்கலாம் என்று நினைத்தேன், தடுக்கவில்லை.

உபதேசியார் மகள், எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா படுக்கப்போகும்முன் வாசிக்கச் சொல்லும் சங்கீதத்துக்கு நேராகப் போனாள். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக.

“என்னையப் போயி இத்தன எடத்துல எழுதிவச்சுருக்க.”

இன்னும் இரண்டு பக்கம் திருப்பினாள்.

“இந்தக் கலரெல்லாம் என்ன?”

சொன்னேன். சிவப்பு கட்டளை, ஊதா எச்சரிக்கை, பச்சை வாக்குத்தத்தம். அவள் மறுபடி முதலிலிருந்து திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். பரீட்சைத்தாளில் மார்க்கைக் கூட்டிச் சரிபார்க்கிற பிள்ளை மாதிரி விரலை ஓரத்தில் வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் மூடி என் மடியில் வைத்தாள்.

“எனக்குப் பச்ச ஒண்ணுகூட கெடையாதாக்கா?”

முப்பது வருடம் வாசித்த புத்தகம். இரண்டு முறை அட்டை போட்டது. அதில் அவளுக்கென்று ஒரு பச்சைக் கோடுகூட நான் போட்டதில்லை. “நாந்தான் தப்புப் பண்ணேன். ஒன்னைய வாசல்ல நிப்பாட்டுனது தப்பு. ஒங்க அத்தைகிட்டயும் கேக்கணும், அவங்க இல்லாமப் போயிட்டாங்க” என்றேன். ஏதோ ஒப்பிப்பதுபோல்தான் வந்தது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள்.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்த அரக்குச் சேலை இருந்தது. மடிப்புக் கலையவில்லை. முனையில் மஞ்சள் இருந்த இடம் பழுப்பாகிப் போயிருந்தது.

“இத என்ன பண்றதுன்னு தெரியலக்கா. செத்தவகளுக்குன்னு எடுத்தத உடுத்த முடியாது. யாருக்கும் குடுக்கவும் முடியாது. எங்க அத்த போனப்பக்கூட இத எடுக்கல. அம்மாவுக்குன்னு எடுத்ததாச்சே. ஒவ்வொரு தடவ பீரோவத் தொறக்குறப்பவும் முன்னால வந்து நிக்குது.”

நான் அதைக் கையில் வாங்கினேன். அம்மாவுக்கு இந்த நிறம் பிடிக்கும். அது தெரிந்து கடை கடையாக ஏறி எடுத்திருப்பாள். என்னைப் போலவே அந்தச் சேலையும் போக்கிடம் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு வச்சிரு” என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

“நமக்கு அண்ணன் தம்பி இல்ல. நாளைக்கு நான் போயிட்டா பொறந்த வீட்டுக் கோடின்னு எனக்கு யாரு கொண்டாருவா? நீதான் கொண்டாரணும். இதையே கொண்டா. மஞ்சளோட.”

“ஒங்க வாசல்ல விடுவாகளா?”

“சொல்லிவைக்கிறேன்.”

“யாருகிட்ட?”

அவளுக்கே பதில் தெரியும் போலிருந்தது. “அந்த நோட்டீஸும் எம்மக ஃபோனுக்கு வந்துச்சு. என்னையக் கூப்புடத்தான வந்த? நான் வரலக்கா. நடக்காத ஒண்ணுக்கு எங்கையக் குடுக்கமாட்டேன்” என்றாள். கோபம் இல்லாமல் சொன்னாள். சேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுபோய் மறுபடி பீரோவில் வைத்தாள். கிளம்பும்போது ஒரு படி விதைக்கடலை கொடுத்தாள், அவிக்காதே, போட்டு முளைக்க வை என்றாள். எங்கள் வீட்டில் மண்ணே கிடையாது, சிமென்ட் தரை என்று சொல்ல வாயெடுத்துச் சும்மா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். போதகரம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், தங்கச்சி பின்னால் வருகிறாளோ என்று. என் முறை வந்தது. மைக்குக்கு முன்னால் நின்றேன். நாலே வாக்கியம்தான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் நான் அவள் கையைப் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மன்னிக்க வேண்டியவள் நான் இல்லை, அவள், அவள் இன்னும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அவள் கொண்டுவந்த கோடியைத் தடுத்தது வேதம் இல்லை, நான்தான். நான் செத்தால் என் தங்கச்சி முனையில் மஞ்சள் வைத்த ஒரு சேலையைக் கொண்டுவருவாள், அன்றைக்கு யாரும் வாசலில் போய் நிற்கக் கூடாது.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. மாம்பழம் கொடுத்த ஓரகத்திகளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆண்கள் பக்கம் ஒரு தொண்டை கனைத்தது. என் வீட்டுக்காரர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, “ஆமென்” என்றார்.

அதன்பின் எல்லாம் இலகுவாகிவிடவில்லை. அடுத்த வியாழன் பாடத்தை வேறொரு அம்மா எடுத்தார்கள், எனக்கு ஓய்வு தேவை என்று போதகரம்மா சொன்னார். மஞ்சள் விஷயத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று போதகருக்கும் மூப்பர்களுக்கும் இன்னும் முடிவாகவில்லை. சிலர் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள். பொய் சொன்னபோது கட்டிப்பிடித்தவர்கள் அவர்கள். கோபம் வருகிறது. அவர்களுக்குத் தோதான வசனம் நாக்கு நுனியில் நிற்கிறது. பென்சிலைத் தேடிப்போய், பாதிவழியில் திரும்பிவிடுகிறேன்.

புதன்கிழமை தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தது.

“அக்கா, நாந்தான். இந்த வீடியோவும் வந்துருச்சு” என்றாள் தங்கச்சி. “எம்மக பாத்துட்டா. அப்ப நீயும் எங்கிட்ட பொய்தானம்மா சொன்னேங்குறா. நான் என்ன சொல்லட்டும்?”

என்னிடமிருந்து கழன்ற பொய் அவள்மேல் போய் விழுந்திருக்கிறது.

“நான் வந்து அவகிட்ட சொல்றேன். நாளைக்கே வாரேன்” என்றேன்.

“வா” என்றாள். “வழியில எந்தப் பஸ்ஸுலயாச்சும் என்னையப் பாத்தியன்னா, அன்னிக்கு மாதிரி பையத் தொறந்து எதையும் தேடாத.”